சென்னை நகரில் உடுப்பி உணவகங்கள்: தொழிற்சூழலும் போட்டியும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியில் சென்னை நகரின் சைவ உணவக வணிகத்தில் உடுப்பிப் பகுதியிலிருந்து வந்தோர் முதலிடம் பெற்றனர். அந்நூற்றாண்டு முடியும்முன் அவ்விடம் பிறர் கைக்குச் சென்றது. இம்மாற்றத்தைச் சுவை மாற்றம் என்றோ அயல்நாட்டு விரைவுணவின் வருகை என்றோ விளக்குவது வழக்கம். மூலதனம், உணவுப் பங்கீடு, வரி, தொழிலாளர் வரத்து, நகர நிலம் ஆகிய தொழிற்சூழற் கூறுகளைக் கொண்டு அவ்விளக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: உடுப்பி உணவகம், காப்பி கிளப், உட்லண்ட்ஸ், உணவுப் பங்கீடு, வாடகைக் கட்டுப்பாடு, விற்பனை வரி.

முன்னுரை

வணிகவியலார் ‘கேஷுவல் டைனிங்’ என்று வகைப்படுத்தும் உணவகம் இரண்டிற்கும் நடுவில் நிற்பது. நின்றபடி உண்டு செல்லும் விரைவுணவுக் கடையும் அன்று. ஆடம்பர விருந்தகமும் அன்று. மேசையில் அமர்ந்து, பரிமாறுபவரிடம் சொல்லி, நடுத்தர வருவாயினர் தாங்கக்கூடிய விலையில், நெருக்கடியின்றி உண்ணும் இடம் அது. இச்சொல்லாட்சி 1960களுக்குப் பின் அமெரிக்கத் தொடர் உணவகங்களை ஒட்டி வளர்ந்தது. ஆனால் இச்சொல் பிறக்கும் முன்பே அது குறிக்கும் பொருள் சென்னையில் இருந்தது. ‘ஹோட்டல்’ என்ற சொல்லைத் தங்குமிடத்துக்கன்றி உண்ணுமிடத்துக்கே வழங்கிய தமிழ் நகரத்தார், அதனைக் ‘காப்பி ஹோட்டல்’, ‘உடுப்பி ஹோட்டல்’ என்றே அறிந்திருந்தனர்.

உணவக வரலாற்றுக்குரிய சான்றுகள் சிதறிக் கிடப்பவை. கோயில்களைப்போலக் கல்வெட்டோ, ஜமீன்களைப்போல ஆவணக் காப்பகமோ இவற்றுக்கு இல்லை. கிடைப்பவற்றுள் பெரும்பகுதி நிறுவனர்களைப் பற்றிய புகழுரைகளும் நகர நினைவுக் கட்டுரைகளும் ஆகும். அவை பிழைத்து நின்றவரின் கதையையே சொல்லும். மூன்றாண்டில் கதவடைத்த கடையின் கணக்குப் புத்தகத்தை எவரும் போற்றி வைப்பதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் எழுச்சியைத் தனிமனிதர் திறமைக்கு மட்டும் உரியதாக்கும் போக்கைத் தவிர்த்து, சட்டங்கள், வரிமுறைகள், குடிக்கணக்கு, அரசியல் நிகழ்வுகள் ஆகிய புறச்சான்றுகளோடு அதனைப் பொருத்திப் பார்ப்பது இன்றியமையாதது.

ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் (2000) தமிழ்நாட்டில் காப்பி நுழைந்த வரலாற்றையும் நடுத்தர வகுப்பின் பண்பாட்டு அடையாளமாக அது ஆனதையும் விளக்கியது. உடுப்பி உணவகங்களைத் தொழில்முனைவு என்ற நோக்கில் ஸ்டிக் டாஃப்ட் மேட்சன், ஜெஃப்ரி கார்டெல்லா ஆகியோர் ஆராய்ந்துள்ளனர். முன்னது நுகர்வோரை மையமாகக் கொண்டது. பின்னது உடுப்பியையும் அங்கிருந்து பரவியோரையும் மையமாகக் கொண்டது. சென்னை என்னும் சந்தையின் சட்டமும் நிலமும் இவ்வணிகத்தை எவ்வாறு வளர்த்தன, எவ்வாறு நெருக்கின என்பதே இங்குக் கேள்வி.

காப்பி கிளப்பும் உடுப்பிக்காரர் வருகையும்

1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சென்னை நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 27 ஆயிரம். 1951இல் அது 14 லட்சத்தைக் கடந்தது. இடையில் நகர எல்லை விரிந்ததும் இவ்வுயர்வுக்கு ஒரு காரணம் எனினும், குடும்பத்தை ஊரில் விட்டு எழுத்தராகவும் மாணவராகவும் விற்பனையாளராகவும் தனியே வந்து தங்கியோர் பெருகியதே உணவக வணிகத்துக்கு முதன்மையான செய்தி. திருவல்லிக்கேணியின் அறைகளிலும் மயிலாப்பூரின் ஒட்டுக்குடித்தனங்களிலும் தங்கிய இவர்களுக்கு நாள்தோறும் இருவேளைச் சாப்பாடும் காலை மாலைச் சிற்றுண்டியும் தேவைப்பட்டன. அதுவரை அன்னச் சத்திரமும் உறவினர் வீடும் நிறைவேற்றிய தேவையைக் கட்டணத்துக்கு நிறைவேற்றியவை காப்பி கிளப்புகள். அவற்றைப் பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர்கள் நடத்தினர்.

இச்சந்தைக்குள் தென்கன்னட மாவட்டத்திலிருந்து வந்தோர் பின்வந்த போட்டியாளர்களே என்பதை மறக்கலாகாது. அன்று தென்கன்னடம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே அவர்கள் வேற்று மாநிலத்தார் அல்லர், ஒரே மாகாணத்தின் இன்னொரு மூலையிலிருந்து தலைநகருக்கு வந்தவர்கள். உடுப்பியின் கிருஷ்ண மடமும் அதைச் சூழ்ந்த எட்டு மடங்களும் பெருந்திரளுக்குச் சமைக்கும் மரபைக் காத்துவந்தன. ஒரே நேரத்தில் பல நூறு பேருக்குச் சுவையும் பதமும் மாறாமல் சமைப்பது வீட்டுச் சமையலின் பெருக்கம் அன்று. அது தனியொரு தொழில்நுட்பம். அத்திறன் பெற்ற சிவள்ளிப் பிராமணர்கள் பலர் நிலமற்றவர் அல்லது சிறுநிலத்தவர். 1923ஆம் ஆண்டு அம்மாவட்டத்தில் ஏற்பட்ட பெருவெள்ளமும் வெளியேற்றத்தைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்படுகிறது.

உடுப்பி வட்டாரம் பின்தங்கிய மூலை அன்று என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1906இல் உடுப்பியிலும் மங்களூரிலுமாகப் பிற்காலத்துக் கார்ப்பரேஷன் வங்கியும் கனரா வங்கியும் தோன்றின. 1925இல் உடுப்பியில் தொடங்கிப் பின்னர் சிண்டிகேட் வங்கி ஆன நிறுவனம், 1928 முதல் வீடுவீடாகச் சென்று சில்லறைக் காசைச் சேமிப்பாகத் திரட்டும் ‘பிக்மி’ முறையை நடத்தியது. சிறுதொகையைத் திரட்டி முதலாக்கும் பழக்கம் ஊறிய வட்டாரம் அது. உணவகத் தொழிலிலும் அதே போக்கைக் காண்கிறோம். முன்சென்ற உறவினரின் கடையில் பாத்திரம் துலக்கித் தொடங்கிய சிறுவன் பரிமாறுபவனாகி, சரக்கு மாஸ்டராகி, கல்லாவில் அமர்ந்து, பின்பு உறவினர் கடனுதவியுடன் வேறொரு தெருவில் தனிக்கடை திறப்பான். புதிய கடையின் தொழிலாளரும் ஊரிலிருந்தே வருவர். கூலி குறைவு, ஆனால் உணவும் உறைவிடமும் உண்டு. முதலாளியாகும் வாய்ப்பே கூலியின் ஒரு பகுதியாக இருந்தது எனலாம். இந்த எதிர்பார்ப்பு நிலைத்த வரையில் உடுப்பி உணவகத்தின் செலவுக் கணக்கோடு பிறர் போட்டியிடுவது கடினமாயிற்று.

காடந்தலே கிருஷ்ண ராவின் (1898–1990) வாழ்க்கை இதற்கு எடுத்துக்காட்டு. 1920களில் சென்னைக்கு வந்து, ஜார்ஜ் டவுனில் ஆசாரப்பன் தெருவில் தொழில் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸை நிறுவினார். 1938இல் இராயப்பேட்டையில் இராமநாதபுரம் அரச குடும்பத்துக்குரிய ‘உட்லண்ட்ஸ்’ என்னும் மாளிகையைக் குத்தகைக்குப் பெற்று உணவகமும் விடுதியும் நடத்தினார். மாளிகையின் பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. பின்னர் இடம் மாறியபோதும் பெயர் உடன்சென்றது. ஜமீன் குடும்பங்களின் நகர மாளிகைகள் அக்காலத்தில் வாடகைக்கு வரத் தொடங்கியதும் வணிகச் சூழலின் ஒரு கூறே. 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை) நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. அதையடுத்து மைசூர்ப் பக்கமிருந்து வந்த கே. சீதாராம ராவின் தாசப்பிரகாஷ் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் திறக்கப்பட்டது.

தூய்மை என்னும் மூலதனம்

உடுப்பி உணவகம் விற்றது உணவை மட்டுமன்று. யார் சமைத்தார் என்ற உறுதிமொழியையும் விற்றது. முன்பின் அறியாதவர் சமைத்ததை உண்பது குறித்த அச்சம் மேல்சாதிக் குடும்பங்களில் வலுவாக இருந்த காலத்தில், மடத்தோடு தொடர்புடைய பிராமணச் சமையல்காரர் என்பது இன்றைய வணிக மொழியில் தரச்சான்று. பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இடம்பெற்றதன் வணிகப் பொருள் இதுவே. அச்சொல் ஒரு பகுதி வாடிக்கையாளரை ஈர்த்த அதே வேளையில், பெரும்பகுதியினரை இழிவுபடுத்தியது. பல உணவகங்களில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர்க்கு உள்ளே இடமே இல்லை.

சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி குறித்த பூசலும் 1925இல் பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறியதும் ஒன்றாகவே நினைவுகூரப்படுகின்றன. ‘உடன் உண்ணல்’ என்பது தமிழக அரசியலின் மையக் கேள்வியாக எழுந்த அதே பத்தாண்டில்தான் உடுப்பி உணவகங்களும் சென்னையில் பெருகின. இந்த ஒருங்குநிகழ்வை உணவக வரலாற்றாசிரியர் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை என்பது என் எண்ணம். சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கான தனியிட முறை நீங்கியது. இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு கடைகளோடு பொது உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறித்து, சாதி காரணமாக அங்கு எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1957இல் திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் திராவிடர் கழகத்தார் பெயர்ப்பலகையை எதிர்த்து நடத்திய மறியல் பல மாதங்கள் நீடித்தது. நாள்தோறும் தொண்டர்கள் கைதாயினர். இறுதியில் பலகையிலிருந்து அச்சொல் நீங்கியது.

இவ்வரலாற்றைச் சமூகநீதிப் போராட்டமாக மட்டும் எழுதுவது மரபு. வணிக வரலாற்றிலும் அது ஒரு திருப்புமுனை. பலகையிலிருந்து சாதிப்பெயர் நீங்கியபோது, ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற தொடர் அதன் இடத்தைப் பிடித்தது. முன்னது பிறப்பால் வருவது. பிறர் அதை நகலெடுக்க இயலாது. பின்னது எவரும் எழுதிக்கொள்ளக்கூடிய சொல். துலக்கிய பித்தளை டவரா, பளிங்கு மேசை, கண்ணெதிரே கழுவப்படும் தம்ளர், வெண்ணிறச் சீருடை என்பவற்றால் தூய்மையைக் காட்டலாம் என்றால், முதலும் ஒழுங்கும் உடைய எவரும் காட்டலாம். 1948இல் திருவல்லிக்கேணியில் ரத்னா கபேயைத் தொடங்கியவர் வடநாட்டிலிருந்து வந்தவர்; அக்கடை புகழ்பெற்றதோ சாம்பார் இட்லிக்கு. சட்டமும் அரசியலும் உடுப்பி உணவகத்தின் தனியுரிமையைப் பொதுச்சொத்தாக்கின. அதே சட்டமும் அரசியலும் வாடிக்கையாளர் எண்ணிக்கையைப் பன்மடங்கு விரித்ததால் இழப்பு உடனடியாகத் தெரியவில்லை. 1950களும் 1960களும் இவ்வுணவகங்களின் செழிப்புக் காலமாக நினைக்கப்படுவதன் காரணம் இதுவே.

புலால் உணவு உண்போர்க்கான நடுத்தர உணவகம் இதற்கு இணையாக வளர்ந்தது. கொழும்பில் தொழில் பழகிய ஏ.எம். புகாரி 1951இல் மவுண்ட் ரோட்டில் திறந்த உணவகம் அவ்வகையின் முன்மாதிரி. ஆயினும் ‘சைவ ஓட்டல்’, ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பிரிவு வாடிக்கையாளரைப் பங்கிட்டதால் இரண்டும் நேரடிப் போட்டியில் இறங்கவில்லை.

போரும் பங்கீடும்

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் தாக்குதல் அச்சத்தால் நகர மக்களில் பெருந்திரளானோர் வெளியூர் சென்றனர். அடுத்த ஆண்டு நகரில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அரிசியையும் உளுந்தையும் நம்பிய தொழிலுக்கு இது எத்தகைய நெருக்கடி என விரித்துரைக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் தட்டுப்பாட்டைவிடச் சரக்குத் தட்டுப்பாடே உணவகத்தின் அளவைத் தீர்மானித்தது. ஒதுக்கீடு பெற்ற கடை நின்றது, பெறாதது மூடியது. பெங்களூரில் உடுப்பி வட்டாரத்து மையா குடும்பத்தார் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். இக்காலத்தில் அரிசிக்கு மாற்றாகக் கோதுமை ரவையில் இட்லி செய்ததாக அந்நிறுவனத்தார் கூறுவர். முதன்முதலாகச் செய்தவர் யார் என்பது இருக்கட்டும். ரவையை நோக்கிச் சமையற்கூடங்களைத் தள்ளியது பங்கீட்டு முறை என்பது தெளிவு. 1952 ஜூனில் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது உணவகத் தொழில் மூச்சுவிட்டது.

காப்பியின் நிலை வேறு. போர்க்காலத்தில் தொடங்கிய கூட்டு விற்பனை முறையின்படி விளைச்சல் முழுவதும் காப்பி வாரியத்தின் கையில் சேர்ந்தது. அம்முறை 1990களின் நடுவில்தான் முடிவுற்றது. அரை நூற்றாண்டுக் காலம் எல்லா உணவகங்களுக்கும் ஒரே ஊற்றிலிருந்து கொட்டை வந்தது. ஆகவே காப்பியில் போட்டி என்பது கொள்முதல் விலையிலன்றி வறுக்கும் பதத்திலும் பாலின் திண்மையிலும் சிக்கரியின் அளவிலுமே நடந்தது. ‘டிகிரி காப்பி’ என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பை இப்பின்னணியில் வைத்தும் நோக்கலாம்.

சட்டம், வரி, தொழிலாளர்

1958ஆம் ஆண்டின் சென்னை உணவு நிறுவனங்கள் சட்டம் உணவகத் தொழிலாளரின் வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. விடியற்காலை நான்கு மணிக்கு மாவுப் பானையைத் திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவை மூடும் தொழிலில் ஒரே ஆளை நாள்முழுதும் நிறுத்தும் வழக்கத்துக்கு அது எதிரானது. சட்டம் ஏட்டளவில் நின்ற இடங்கள் பல. ஆனால் பெரிய உணவகங்கள் கண்காணிப்புக்கு எளிதில் உட்பட்டன. சிறு மெஸ்கள் தப்பின. ஒழுங்குமுறையின் செலவு பெயர்பெற்ற கடைகள் மீதே கூடுதலாக விழுந்தது. இச்சமமின்மை இத்தொழிலில் இன்றும் தொடர்வது.

விலைக் கட்டுப்பாட்டின் விளைவைப் பெங்களூர் நிகழ்வு தெளிவாகக் காட்டும். நெருக்கடிநிலைக் காலத்தில் உணவக விலைகள் மிகக் குறைவாக வரையறுக்கப்பட்டபோது, தரத்தைக் குறைக்க விரும்பாத எம்.டி.ஆர். உணவகத்தை நிறுத்தி, வேலையிழக்கவிருந்த தொழிலாளரைக் கொண்டு ரவா இட்லி முதலியவற்றுக்கான ஆயத்த மாவுக் கலவைகளைப் பொட்டலமிட்டு விற்றது. உணவகம் பின்னர் மீண்டும் திறந்தது. ஆனால் பொட்டல வணிகம் அதனினும் பெரிதாக வளர்ந்து, 2007இல் நார்வே நாட்டு ஓர்க்லா நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. உணவகத்துக்கு வரவேண்டியவரை வீட்டிலேயே நிறுத்தும் பொருளை உணவகமே உண்டாக்கியது என்பதில் ஒரு முரண் உள்ளது.

வரியைப் பொறுத்தவரை, உணவகத்தில் பரிமாறப்படும் உணவு விற்பனையா பணியா என்ற கேள்வி உச்சநீதிமன்றம் வரை சென்றது. நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் வழக்கில் 1978இல் அளித்த தீர்ப்பில், உணவகத்தில் அமர்ந்து உண்பவருக்கு உணவளிப்பது விற்பனையாகாது, ஆகவே விற்பனை வரிக்குரியதன்று என நீதிமன்றம் கூறியது. விருந்தினரின் பசியாற்றும் பணியாக அது உணவகத்தைக் கண்டது. மாநில அரசுகளின் வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1982ஆம் ஆண்டின் 46ஆவது அரசியலமைப்புத் திருத்தம், உணவு வழங்கலையும் விற்பனையாகக் கருதும் விதியைச் சேர்த்தது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது குளிரூட்டப்படாத உணவகத்துக்கு 12 விழுக்காடும் குளிரூட்டப்பட்டதற்கு 18 விழுக்காடும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 15 முதல் இரண்டும் 5 விழுக்காடாயின. ஆனால் உள்ளீட்டு வரிச் சலுகை நீக்கப்பட்டது. வாடிக்கையாளர் பார்க்கும் வரி குறைந்தது. வாடகைக்கும் பொருள்களுக்கும் கட்டிய வரி உணவகத்தின் செலவில் சேர்ந்தது.

தொழிலாளர் வரத்தே உடுப்பி உணவகத்தின் அடித்தளம் என்று மேலே கண்டோம். அவ்வடித்தளம் ஊரிலேயே கரைந்தது. 1970களில் கர்நாடக நிலச்சீர்திருத்தம் தென்கன்னடத்தின் குத்தகை முறையை மாற்றியமைத்தது. நிலம் இழந்த குடும்பங்கள் ஒருபுறம் மேலும் பலரை நகரத் தொழிலுக்கு அனுப்பின. மறுபுறம் கல்வியே அடுத்த சொத்து என உணர்ந்தன. உடுப்பிக்கு அருகிலேயே மணிப்பாலில் 1950களில் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் தோன்றியிருந்தன. சரக்கு மாஸ்டரின் மகன் பொறியாளரானான். இதைத் தொழிலின் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? குடும்பத்தின் கண்ணோட்டத்தில் அது வெற்றி; நிறுவனத்தின் கண்ணோட்டத்தில் வாரிசின்மை. இவ்விரு அளவுகோல்களைப் பிரித்தறியாமல் ‘சரிவு’ என்ற சொல்லை ஆளுவது பொருந்தாது. 2006 அக்டோபர் 10 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டோரை உணவகங்களில் அமர்த்துவதும் தடை செய்யப்பட்டது. நெறிநோக்கில் தேவையான அத்தடை, மேசை துடைக்கும் சிறுவனாகத் தொடங்கும் பழைய பயிற்சிமுறையின் முதற்படியைச் சட்டப்படி முடித்துவைத்தது.

நிலமும் வாடகையும்

நடுத்தர உணவகத்தின் பொருளியல் இருக்கையில் அடங்கியுள்ளது. ஒரு காப்பியை முன்வைத்து ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பவரிடமிருந்து கிடைக்கும் வருவாய் மிகச் சிறிது. அவர் அமர்ந்திருக்கும் சதுர அடியின் மதிப்போ ஆண்டுதோறும் உயர்வது. இவ்விரண்டும் எவ்வளவு காலம் ஒத்துப்போக முடியும் என்பதே இத்தொழிலின் அடிப்படை வினா.

சென்னையில் அவை நெடுங்காலம் ஒத்துப்போனதற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாடு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்புகளுக்கு மட்டுமன்றி வணிகக் கட்டடங்களுக்கும் பொருந்தியது. வெளியேற்றம் கடினம், நியாய வாடகை நிர்ணயம் நீதிமன்ற வழிப்பட்டது. ஆகவே திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளில் பழைய குடியேற்றத்தாராக இருந்த உணவகங்கள் சந்தை வாடகையின் சிறு பங்கையே செலுத்தி நடந்தன. இட்லியின் விலை குறைவாக இருந்ததற்கு முதலாளியின் தாராள மனமும் சமையற்காரரின் திறமையும் காரணங்களாகப் பேசப்படுகின்றன. கட்டட உரிமையாளர் அறிந்தோ அறியாமலோ அளித்த மானியம் பேசப்படுவதில்லை. அம்மானியத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஆர்வமில்லை; முதலீடு செய்யக் குடியேற்றத்தாருக்குத் துணிவில்லை. கூரை ஒழுகும் புகழ்பெற்ற உணவகம் என்னும் சென்னைக் காட்சி இவ்வாறு உருவாயிற்று. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து வடிவ ஒப்பந்தத்தையும் ஒப்புக்கொண்ட வாடகையையும் அடிப்படையாக்கியது. பழைய பாதுகாப்பு அத்துடன் அகன்றது.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இவ்வினாவை இன்னும் கூர்மையாக்குகிறது. 1962இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில் கிருஷ்ண ராவ் அதைத் தொடங்கினார். மரநிழலில் நிறுத்திய காரின் கதவில் தட்டைப் பொருத்திப் பரிமாறும் அமெரிக்க முறை, தோசையோடும் காப்பியோடும் இங்கு வந்தது. ஆனால் காரில்லாதவரே அதை நிறைத்தனர். மாணவர், பத்திரிகையாளர், விற்பனை முகவர், திரைப்பட வாய்ப்புத் தேடுவோர் ஆகியோர் மணிக்கணக்கில் அங்கு அமர்ந்தனர். எவரும் எழுப்பியதில்லை என்பது நகரத்தின் பொதுநினைவு. நகரின் மையத்தில், பல ஏக்கர் பரப்பில், ஒரு காப்பிக்கு ஒரு பிற்பகலை விற்க எந்த வணிகக் கணக்கும் இடந்தராது. குத்தகை நிலம் என்பதே அதை இயலச் செய்தது. அந்நிலத்தின் மீதான உரிமை குறித்து அரசுக்கும் சங்கத்துக்கும் இடையே நெடிய வழக்கு நடந்தது. அரசு நிலத்தை மீட்டது. 2008இல் உணவகம் மூடியது. 2010 நவம்பரில் அங்குச் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. கூட்டம் குறைந்து மூடிய கடை அன்று அது. போட்டியில் தோற்றதாக அதை எண்ணுவோர் நிலத்தின் வரலாற்றைப் படிக்கவில்லை.

புதிய போட்டியாளர்

1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவனை உடுப்பி உணவகத்தின் மாற்றாகக் காண்பதைவிட அதன் வழித்தோன்றலாகக் காண்பதே பொருத்தம். மளிகைக் கடை நடத்திவந்த பி. ராஜகோபால் உடுப்பி வட்டாரத்தாரும் அல்லர், பிராமணரும் அல்லர். ஆனால் அவர் நிறுவியது உடுப்பிக்காரர் வகுத்த உணவுப் பட்டியலையும் பரிமாறும் முறையையும் உடையது. வேறுபாடு அமைப்பில் இருந்தது. உடுப்பி முறையில் தேர்ந்த தொழிலாளி வெளியேறிப் புதுக்கடை வைப்பார். அதுவே அம்முறையின் விரிவாக்கம். புதிய தொடர் உணவகமோ அவர் வெளியேறாதிருக்க உறைவிடம், மருத்துவம், குடும்ப நலம் ஆகிய சலுகைகளை அளித்து, கிளைகளைத் தன் பெயரிலேயே பெருக்கியது. முன்னதில் வளர்ச்சி உறவுவழிக் கிளைத்தது, பின்னதில் நிறுவனவழி. ஒரே ‘உடுப்பி’ என்ற பெயரை நூறு முதலாளிகள் பயன்படுத்தியதால் அப்பெயர் எவருடைய வணிகக் குறியாகவும் பாதுகாக்கப்படவில்லை என்பதையும் இங்கு எண்ண வேண்டும். ஒரு கடையின் குறை எல்லாக் கடைகளின் பெயரையும் தொட்டது. ஒரு கடையின் நிறை அதற்கு மட்டும் உரியதாகவில்லை.

மாவாட்டும் மின்னியந்திரமும் இதில் பங்கு கொண்டது. 1950கள் தொட்டுக் கோயம்புத்தூரில் உருவாகிப் பரவிய அது, ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்த ஆட்களின் தேவையைக் குறைத்தது. அதே இயந்திரம் சிறிய வடிவில் வீட்டுக்குள் நுழைந்தபோது, இட்லிக்காக உணவகம் செல்லும் தேவையும் குறைந்தது. வெளியில் சென்று உண்போர் வீட்டில் கிடைக்காததைக் கேட்கலாயினர். சைவ உணவகங்களின் பட்டியலில் வடஇந்தியக் குழம்புகளும் சீன வகை நூடுல்ஸும் இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பட்டியல் நீள நீளச் சமையற்கூடத்தில் தனித்தனித் திறனாளர் தேவைப்பட்டனர். ஒரு சரக்கு மாஸ்டரும் அவர்தம் உதவியாளரும் போதும் என்ற பழைய சிக்கனம் கலைந்தது.

2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அதன் வாடிக்கையாளர் உடலுழைப்பாளர். எனவே நடுத்தர உணவகத்தின் விற்பனையை அது நேராகப் பறித்தது எனக் கூறுவதற்கில்லை. கையேந்தி பவன்களையும் சிறு மெஸ்களையுமே அது தொட்டிருக்க வேண்டும்.

மேசையற்ற உணவகம்

கைப்பேசிச் செயலி வழி உணவு வழங்கல் முந்தைய போட்டிகளிலிருந்து தன்மையில் வேறுபட்டது. சரவண பவனோ ரத்னா கபேயோ மேசைக்காகப் போட்டியிட்டன. 2014இல் தோன்றிய ஸ்விக்கியும் அதற்கு முன்பே உணவகப் பட்டியல் தளமாகத் தொடங்கிய சொமாட்டோவும் சமைப்பதுமில்லை, பரிமாறுவதுமில்லை. உணவகத்துக்கும் உண்பவருக்கும் இடையே நின்று தரகு பெறுகின்றன. எவர் எதை எப்போது உண்டார் என்ற அறிவு, முன்பு கல்லாவில் அமர்ந்தவரின் நினைவில் இருந்தது. இன்று அது செயலியின் உடைமை. தரகு, தள்ளுபடி, முன்னுரிமை ஆகியவை குறித்து உணவக உரிமையாளர் சங்கம் அளித்த முறையீட்டின்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலில் இவ்விரு நிறுவனங்கள் மீதும் விசாரணைக்கு ஆணையிட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து, செயலி வழி விற்கப்படும் உணவுக்கான வரியைச் செயலி நிறுவனமே செலுத்த வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. உணவகத்தின் பணி என 1978இல் நீதிமன்றம் கண்ட அமரவைத்தல், பரிமாறல், உபசரித்தல் எதுவும் இவ்வணிகத்தில் இல்லை.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது மேசைகள் மாதக்கணக்கில் காலியாயின. எடுப்புச் சாப்பாடும் செயலியுமே சமையற்கூடங்களை நடத்தின. அக்காலத்தில் மேசைகளை அகற்றிய சில கடைகள் அவற்றை மீண்டும் போடவில்லை. காலியான முன்கூடத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் விநியோகத் தொழிலாளர்க்கு ஒரு பெஞ்சு போடப்பட்டிருக்கும். சில கடைகளில் அதுவும் இல்லை.